கேளாமல் படலை திறவோம்

மாரி மழையால் குளங்கள் நிரம்பி, காலபோக நெல் பச்சைப் பசேலென எழுந்து நிற்கும் காலத்தில், வடக்கின் வயல்வெளிகளையும் கடனீரேரிகளையும் நாடித் தொலைதூரப் பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்து சேர்கின்றன. வட ஆசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சிப் புறப்பட்ட வாத்துகளும் உள்ளான்களும் மன்னாரிலும் ஆனையிறவிலும் தீவகத்துச் சதுப்புகளிலும் இறங்கி, சித்திரை அளவில் திரும்பிச் செல்கின்றன. இவை எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. காணி உறுதி யார் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்பது இவற்றுக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. இவற்றைக் காணப் புறப்படும் நமக்கோ அந்தச் சலுகை கிடையாது.

பறவை பார்த்தல் என்னும் நல்ல பொழுதுபோக்கு எமது மாணவரிடையே பரவி வருவது மகிழ்ச்சிக்குரியது. முன்னாளில் பறவையை அறிய விரும்பியவர் முதலில் துவக்கைத் தூக்கினார். சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பதப்படுத்தி அலுமாரியில் வைத்த பின்னரே அதற்குப் பெயர் சூட்டினார். அவ்வழக்கத்தை வெறுத்து, கண்ணாலும் பொறுமையாலும் பறவையை அறியலாம் எனக் காட்டியவர்களுள் ஆங்கிலேயரான எட்மண்ட் செலூஸ் ஒருவர். 'பறவை பார்த்தல்' என்ற பெயரிலேயே அவர் 1901 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். நமது நாட்டில் 1943 இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியது. 1955 இல் ஜி. எம். ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் பற்றிய கைநூல் வெளிவந்தது. 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு இலங்கைக் களப் பறவையியல் குழு தொடங்கப்பட்டது. துவக்கு இருந்த கையில் இன்று தொலைநோக்கி இருக்கிறது.

ஆயினும், கைநூல்கள் நமக்குப் பறவையின் அலகையும் காலையும் சிறகின் நிறத்தையும் கற்பிக்கின்றனவேயன்றி, அப்பறவை நிற்கும் நிலத்துக்கு உரியவரை எவ்வாறு அணுகுவது என்பதைப் பெரும்பாலும் நமது பொதுப்புத்திக்கே விட்டுவிடுகின்றன. அப்பொதுப்புத்தி, அரிய பறவை ஒன்று கண்ணில் பட்ட மாத்திரத்தில் நம்மில் பலரை விட்டு அகன்றுவிடுகிறது என்பதே வருத்தத்துக்குரியது. ஆதலால் இந்த வாரம் பறவையைப் பற்றி அல்ல, படலையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

பறவை பொது; மண் பொதுவன்று

"பறவைகள் இயற்கையின் செல்வம், அவற்றைப் பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?" என்று சில இளைஞர்கள் வினவுவதுண்டு. பறவை எவருக்கும் சொந்தமன்று என்பது மெய். ஆயின் அது இறங்கி இரைதேடும் வயல் ஒருவருடைய வியர்வை. வங்கிக் கடனும், நகை ஈடு வைத்த பணமும், பிள்ளையின் படிப்புச் செலவும் அந்தச் சேற்றுக்குள் கிடக்கின்றன. தெருவில் நின்று பார்ப்பது நமது உரிமை. வரம்பில் ஒரு கால் வைப்பது மற்றொருவர் நமக்குத் தரும் சலுகை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே உண்மையான பறவை அன்பர்.

சட்டமும் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, குற்றமுறையான அத்துமீறல் என்பதை விளக்குமிடத்து, காணிக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்பதில்லை. அது யாருடைய இருப்பாட்சியில் உள்ளது என்றே கேட்கிறது. அங்கிருப்பவருக்குத் தொல்லை கொடுக்கும் எண்ணத்துடன் நுழைவதும், முறையாக நுழைந்தபின் அத்தகைய எண்ணத்துடன் அங்கேயே தங்கிநிற்பதும் குற்றம் என்கிறது. பறவை பார்க்கச் செல்லும் மாணவருக்கு அவ்வாறான எண்ணம் இராது என்பது உண்மையே. எனினும், "போங்கள்" என்று கமக்காரர் சொன்ன பின்னரும் வாதாடி நிற்பவர் எந்த எல்லையை நெருங்குகிறார் என்பதை உணரவேண்டும்.

இதில் நமக்கு ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. காணிக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துப் பயிர் செய்பவர்தான் அங்கே வெயிலில் நிற்பார். காணிக்காரரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்றுவிட்டோம் என்ற துணிவில், வயலில் நிற்கும் மனிதரைத் தாண்டிச் செல்வது பெரும் பிழை. பயிருக்கு உரியவர் எவரோ அவருடைய வாய்ச்சொல் இன்றியமையாதது.

'சரணாலயம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் எங்கும் நுழையலாம் என எண்ணுவதும் தவறு. நமது நாட்டுச் சட்டப்படி தேசியப் பூங்கா அரச காணியிலேயே அமையும். அதற்குள் செல்வதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சரணாலயமோ தனியார் காணிகளையும் உள்ளடக்கியிருக்கலாம். 1938 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாக மாறியது. 2008 இல் சரணாலயமான மன்னார் வங்காலை, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஆயினும், ஒரு சரணாலய எல்லைக்குள் ஒருவருடைய வயல் இருக்குமாயின், அவ்வயலுக்குள் இறங்குவதற்கு அவரையே கேட்கவேண்டும். உப்பளங்களும் அவ்வாறே. நீர்ப்பறவைகள் நிறைந்திருந்தாலும் அவை வேலைத்தலங்கள். அங்குள்ள அலுவலகத்தில் முதலில் கேட்பதே முறை.

கேட்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பிறர் வீட்டுக்குச் சென்றால் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பர். உள்ளிருந்து "வாருங்கோ" என்று பதில் வந்த பின்னரே படலையில் கை வைப்பர். பறவை பார்ப்போருக்கும் இதைவிட வேறு இலக்கணம் தேவையில்லை.

முடிந்தால் முதல்நாளே சென்று கேட்பது நன்று. விடியற்காலையில்தான் பறவைகள் அதிகம் தென்படும். அதே விடியற்காலையில்தான் கமக்காரருக்கு இறைப்பும் மருந்தடிப்பும் இருக்கும். வேலைக்கு நடுவே நின்று விளக்கம் சொல்ல அவருக்கு நேரமிராது. யாருடைய வயல் என்று தெரியாதபோது ஊர்க் கடையிலோ, கமக்காரர் அமைப்பிலோ, கிராம அலுவலரிடமோ விசாரிக்கலாம். கேட்கச் செல்லும்போது பெரிய கமராவையும் தொலைநோக்கியையும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கருவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவரைக் காணி அளக்க வந்தவர் என்றோ, அரசாங்கத்துக்காகக் காணி பிடிக்க வந்தவர் என்றோ எண்ணி அஞ்சுவதற்கு எமது மக்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கின்றன. உள்ளானும் கொக்கும் பிடிக்க வலையுடன் வருவோரால் தொல்லைப்பட்டவரும் பலர்.

பேச்சு எளிமையாக இருக்கட்டும். "ஐயா, நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உங்கடை வயலிலை நிற்கிற கொக்கையும் உள்ளானையும் பார்க்க வந்தனாங்கள். ஒன்றையும் பிடிக்கமாட்டம். நாலு பேர் வரம்பாலை போய் ஒரு மணித்தியாலத்திலை திரும்பிவிடுவம். போகலாமோ?" இவ்வளவே போதும். யார், எதற்கு, எத்தனை பேர், எவ்வழியே, எவ்வளவு நேரம் என்ற ஐந்துக்கும் இதில் விடை இருக்கிறது. நால்வருக்குக் கேட்டுவிட்டு நாற்பது பேர் இறங்குவதும், ஒரு நாளைக்குப் பெற்ற அனுமதியை ஆயுட்கால உரிமையாகக் கொள்வதும் நேர்மையன்று.

அடுத்த கேள்வி ஒன்று உண்டு. அதை மறவாமல் கேட்கவேண்டும்: "எந்தப் பக்கம் போகக்கூடாது, ஐயா?" இது மரியாதைக்கான கேள்வி மட்டுமன்று, உயிர்க்காப்புமாகும். பன்றிக்குக் கட்டிய மின்கம்பியும் கட்டுத்துவக்கும் சட்டவிரோதமாயினும் வன்னியிலும் கிழக்கிலும் இல்லாமற் போகவில்லை. அடைப்புச் சுவர் தாழ்ந்த தோட்டக் கிணறுகள் யாழ்ப்பாணத்தில் எங்கும் உள்ளன. தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்தவாறே பின்னோக்கி அடி வைப்பவருக்கு அவை தெரிவதில்லை. வெட்டு முடிந்த வயலிலும் வைக்கோலின் கீழும் புடையன் படுத்திருக்கும். யாவற்றுக்கும் மேலாக, 2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தது. முகமாலையைப் போன்ற இடங்களில் வெடிகள் மிகச் செறிவாகப் புதைக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் எத்தகைய அரிய பறவை நின்றாலும் அதை மறந்துவிடுக. எந்த ஒழுங்கை வழக்கமாக நடமாடும் ஒழுங்கை என்பது ஊர்க்காரருக்கே தெரியும்.

வரம்பில் நடக்கும்போது

நகரத்துப் பிள்ளைகளுக்கு வரம்பு ஒரு நடைபாதையாகத் தோன்றும். கமக்காரருக்கோ அது நீரைத் தாங்கும் சுவர். புதிதாகச் செதுக்கிச் சேறு வைத்த வரம்பு காய்வதற்கு முன் அதில் நடந்தால் அது பிளந்துவிடும். பசளை போட்டு நீரைக் கட்டிவைத்திருக்கும் நாளில் அந்தப் பிளவு வழியே நீரும் பசளையும் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். நமக்கு ஒரு காலடி. அவருக்கு ஒரு மூடை உரம். ஆதலால் காய்ந்து இறுகிய வரம்பிலேயே, ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும். நெல் பால் கட்டும் பருவத்தில் பயிருக்குள் இறங்கவே கூடாது. மருந்து அடித்த வயலை நெருங்காதிருப்பது நமது உடலுக்கும் நன்று.

திறந்திருந்த படலையைத் திறந்தவாறும், மூடியிருந்த படலையை மூடியும் விட்டுச் செல்லுங்கள். மூட மறந்த ஒரு படலையால் இரவில் கட்டாக்காலி மாடுகள் நுழைந்து ஒரு தோட்டத்து மிளகாயையும் வெங்காயத்தையும் முடித்துவிடும். அடுத்த நாள் அயலவர் இருவர் கோட்டுக்கும் பொலிசுக்கும் அலைவர். காரணமானவரோ அப்போது வீட்டில் இருந்து பறவைகளின் பட்டியலை எழுதிக்கொண்டிருப்பார்.

சூடடிக்கும் களத்தில் செருப்புடன் ஏறாதிருப்பது நமது பழைய வழக்கம். நெல் எங்கள் வீட்டுத் தெய்வம் என எண்ணியவர்களின் பிள்ளைகள் நாம் என்பதைக் களத்தில் மறக்கலாகாது. மாங்காய், இளநீர், முருங்கைக்காய் எதிலும் கை வைக்கவேண்டாம். அவர்களாகப் பறித்துத் தந்தால் மறுக்கவும் வேண்டாம். கிணற்றடியில் குளிக்கும் பெண்கள் இருக்கும் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பாதிருப்பது சொல்லித் தெரியவேண்டியதன்று. வானில் ஏவும் ட்ரோன் கருவி சிவில் விமானப் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டது. கமக்காரரின் சம்மதம் அதற்குத் தனியே வேண்டும். பறவைகள் அதனைப் பருந்தென எண்ணிக் கலையும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பறவைக்கும் ஒரு படலை உண்டு

நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற்றாயிற்று. இனிப் பறவையிடமும் பெறவேண்டும். அது வாய்திறந்து சொல்லாவிடினும் தெளிவாகவே சொல்கிறது.

ஆட்காட்டிக் குருவியை எடுத்துக்கொள்வோம். அது வெறும் தரையில் சிறு கற்களிடையே பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணின் நிறமும் கரும்புள்ளிகளும் கொண்ட அம்முட்டைகளை நாம் மிதித்த பின்னரே காண நேரலாம். தலைக்கு மேலே வட்டமிட்டு அது ஓயாது கத்துமானால், கூடு அருகில் இருக்கிறது, அகன்று போ என்பதே அதன் பொருள். நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை தன் வயிற்றுச் சிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். படம் எடுப்பதற்காக நாம் அங்கே அரை மணி நேரம் நின்றால், அம்முட்டைகள் வெந்து போகவும் கூடும். நாம் நின்ற இடத்தை மரக்கிளையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த காகம், நாம் போனதும் இறங்கிவரும்.

பனங்கூடலில் பகற்பொழுதில் உறங்கும் கூகையை எழுப்பிவிட்டால் காகங்கள் அதைத் துரத்திக் கொத்தும். ஆழமற்ற நீரில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தை, சிறகு விரிக்கும் காட்சிக்காகக் கலைத்துப் பறக்கவிடுவோர் உளர். நெடுந்தொலைவு பறந்து திரும்பவேண்டிய பறவைகளுக்கு இரைதேடும் நேரமே வழிச்செலவுப் பணம். நாம் அதைப் பறித்து ஒரு படம் பெறுகின்றோம். கைத்தொலைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆண்பறவையை வெளியே வரவழைப்பதும் இத்தகையதே. வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று அது இரைதேடலை மறந்து வெற்றெதிரியுடன் போராடுகிறது. கூடு கட்டும் காலத்தில் இதனை அறவே தவிர்க்கவேண்டும். அரிய பறவையின் கூட்டை இணையத்தில் இடம் குறித்து வெளியிடுவது, வேட்டைக்காரருக்கு வழி காட்டுவதற்குச் சமம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது பறவைகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காவலாக நிற்கிறது. ஆயின் சட்டம் எல்லா வரம்பிலும் நடந்து திரிய முடியாது. அங்கே நடப்பவர் கமக்காரர்.

நட்டத்தை அறிந்து பேசுக

இங்கே ஒரு நுட்பமான விடயம் உண்டு. நாம் மகிழ்ந்து பார்க்கும் பறவை, கமக்காரருக்கு நட்டமாகவும் இருக்கலாம். முற்றிய நெல்லில் சில்லைக் குருவிகளும் கிளிகளும் இறங்குகின்றன. மயில் விதையைக் கிளறுகிறது. தினைப்புனத்தில் கிளி கடிந்த பெண்களைச் சங்கப் புலவர் பாடிய நாள் முதல் இந்த வழக்கு நடந்து வருகிறது. 2025 மார்ச் 15 இல் குரங்கு, மயில் முதலியவற்றை நாடு முழுவதிலும் ஐந்து நிமிட நேரம் எண்ணும் முயற்சியை அரசே நடத்த வேண்டிய அளவுக்குப் பயிர்ச்சேதம் பேசுபொருளாயிற்று. ஆகவே, தகரம் தட்டிக் கிளி விரட்டுபவரிடம் சென்று சீவகாருண்யப் பிரசங்கம் செய்யவேண்டாம். முதலில் அவருடைய நட்டத்தைக் கேளுங்கள். பின்னர், இரட்டைவாற் குருவி வயற் கொம்பில் இருந்து பூச்சிகளைப் பிடிப்பதையும், கூகை இரவில் எலிகளை வேட்டையாடுவதையும் எடுத்துச் சொன்னால் அவர் செவிகொடுப்பார். பெரும்பாலும் அவருக்கு அது முன்னரே தெரிந்திருக்கும். நமக்குத் தெரியாத வேறு பலவும் தெரிந்திருக்கும். எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, இவ்வாண்டு ஏன் பிந்திற்று, ஊரில் அதற்கு என்ன பெயர் என்பனவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத எத்தனையோ தமிழ்ப் பெயர்கள் முதியோரின் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

கமக்காரர் மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்து வேடந்தாங்கல் சான்று. செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள அச்சிற்றூரின் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798 அளவில் பறவைகளைக் காக்கும் உரிமைச் சாசனம் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தமது நெல்லுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். பறவை நூல் எதுவும் அவர்கள் படித்ததில்லை. அரசு அங்கே சரணாலயம் அமைக்குமுன்னரே உழவர் அமைத்துவிட்டனர்.

மறுத்தால் என்செய்வது?

மறுக்கும் உரிமை இல்லாதவிடத்துக் கேட்பது வெறும் சடங்கு. மறுத்தால், "பரவாயில்லை ஐயா, வாறம்" என்று சிரித்த முகத்துடன் திரும்பிவிடுங்கள். விதைத்த வயலாக இருக்கலாம். மருந்தடித்த நாளாக இருக்கலாம். வீட்டில் துக்கம் இருக்கலாம். காரணம் கேட்பது நம் வேலையன்று. தெருவோரத்தில் நின்றும் குளக்கட்டில் நின்றும் எத்தனையோ பறவைகளைப் பார்க்கலாம். இன்று மரியாதையுடன் திரும்பியவரை அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, "தம்பி, நேற்று ஒரு புதுக் குருவி வந்தது" என்று சொல்வதும் உண்டு.

அனுமதி தந்தவரிடம் போகும்போது சொல்லிக்கொண்டு போங்கள். காசு கொடுப்பது அவரைக் கூலியாளாக்கும், வேண்டாம். அவர் வயலில் கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழில் எழுதி, நல்ல படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதனைச் சுவரில் ஒட்டி வைத்த வீட்டுப் பிள்ளை கவண் எடுக்கும்போது ஒரு கணம் தயங்கும்.

பறவை பார்ப்போர் வந்து போவர். பறவைகளும் வந்து போகும். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர் கமக்காரரே. ஆட்காட்டியின் முட்டையைக் கண்டு ஏர்ச்சாலை ஒரு முழம் விலக்குவதா, உழுது தள்ளுவதா என்பதை முடிவு செய்பவரும் அவரே. நாம் படலையைக் கேளாமல் திறந்து அவர் மனத்தைக் கசக்கச் செய்தால், அந்தக் கசப்பின் விலையை நாம் கொடுப்பதில்லை. அந்த நான்கு முட்டைகளே கொடுக்கின்றன. வரும் விடுமுறையில் புறப்படும் எமது இளம் நேயர்கள் தொலைநோக்கியைத் துடைக்குமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.